ஆளுக்கு முன்னால் ஊரைப் பார்த்தேன்

"தல, தல!" என்று தோணிக்காரர் குரல் கொடுத்தார்.

நாங்கள் நான்கு பேரும் சட்டென்று குனிந்தோம். வாய்க்காலுக்குக் குறுக்கே ஆள் நடந்துபோகிற சின்ன சிமெண்ட் பாலம். தோணி அதன் அடியில் நுழைந்தபோது பாலம் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பாசி வாடை மூக்கில் ஏறியது. மேலே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் முக்காட்டில் விழுந்து நெற்றிக்கு இறங்கியது.

குனிந்த வாக்கிலேயே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். எதிர்ப் பலகையில் யூசுப் ராவுத்தரும் என்னைப் போலவே மடங்கிக் கிடந்தார். நரைத்த தாடி முழங்காலில் இடித்தது. மூக்குக் கண்ணாடி நுனிக்கு வழுக்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு பாலம் உண்டு," என்றார். அந்தப் பாலங்களை அவரே கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பது போல இருந்தது குரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தேன். அடங்கவில்லை. என் தம்பி சிக்கந்தர் பின்னால் இருந்து செருமினான். பக்கத்தில் இருந்த, கடையில் என்னோடு வேலை பார்க்கிற முத்துமாரி, "மாரியாத்தா கோயில்லகூட நான் இம்புட்டுக் குனிஞ்சதில்லக்கா," என்றாள். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அந்த அமைதியான வாய்க்காலில் எங்கள் சிரிப்பைக் கேட்டுக் கரையில் நின்ற வாத்துகள் தண்ணீரில் இறங்கி ஓடின.

கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள மன்றோ தீவு அது. கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் வந்து விழுகிற இடம். சிவகாசியில் ராப்பர் பேப்பரும் பட்டாசு அட்டைப் பெட்டியும் விற்கிற ஐம்பது வயதுக்காரி, அந்தக் காலை நேரத்தில், ஒரு முன்பின் பழக்கமில்லாத மனிதருக்கு எதிரே தோணியில் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

மல்லி மூட்டை போன ஊர்

கொல்லம் எனக்கு முதலில் ஒரு வாடையாகத்தான் தெரியும்.

விருதுநகரில் என் அத்தா மிளகாய் வற்றலும் மல்லியும் வியாபாரம் செய்தார். மூட்டைகள் ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம் போகும். அவரும் அவ்வப்போது கூடவே போய் வருவார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால், அதில் மிளகும் வறுத்த முந்திரியும் மீனும் கலந்த ஒரு வாடை இருக்கும். அம்மா அதைத் துவைக்கப் போடுமுன் நான் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

"அங்க கப்பல் நிக்குமாத்தா?" என்று கேட்பேன்.

"இப்ப எங்க நிக்குது. முன்னாடி சீனாவுல இருந்து வந்து நிக்குமாம்," என்பார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது. மல்லிக்கு அங்கே என்ன விலை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

என்னை ஒருமுறை கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் எனக்குக் கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்துவிட்டேன். அதே ரயில் சிவகாசி வழியாகத்தான் போகும். கடையில் இருந்தால் அதன் சத்தம் கேட்கும். ஏறவேண்டிய காரியம் ஒன்றும் வரவில்லை.

விஸ்வநத்தம் பக்கம் புகை

என் கணவர் ஜாபர் இறந்ததை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக நாலு வரி மட்டும்.

எங்கள் பக்கத்தில் பெரிய சத்தம் ஒன்று கேட்டால் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு வருவோம். வானத்தைப் பார்ப்போம். எந்தப் பக்கம் புகை என்று தெரிந்ததும் போனை எடுத்து, அந்தப் பக்கம் போயிருப்பவர்களைக் கூப்பிடுவோம். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. பிள்ளைகள்கூட அப்படித்தான் செய்யும்.

அன்றைக்கு விஸ்வநத்தம் பக்கம் புகை எழுந்தது. ஜாபர் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ராப்பர் கட்டு இறக்கப் போயிருந்தார். நான் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்தது.

அவ்வளவுதான்.

முத்துமாரி அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தாள். அதற்கப்புறம் வெடிமருந்து வேலைக்குப் போக அவளுக்குக் கை வரவில்லை. ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்று, "பாய் இருந்த இடத்துல எனக்கு ஒரு வேலை குடுங்கக்கா," என்றாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கடையை நடத்துகிறோம்.

ஒரு கேள்வி வந்த விதம்

போன வருஷம் தென்காசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நானும் சிக்கந்தரும் போயிருந்தோம். முடிந்து கிளம்பும்போது நல்ல மழை. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூரத்து உறவான யூசுப் ராவுத்தர் தன் காரில் எங்களைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் தம்பியோடுதான் பேசினார். கொல்லம் துறைமுகத்துப் பக்கம் மீன் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார், மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, மகன் வளைகுடாவில் இருக்கிறான் என்பதெல்லாம் பின்சீட்டில் இருந்த என் காதில் விழுந்தது.

இறங்கும்போது மட்டும் என்னிடம் கேட்டார். "கடையை நீங்களேதான் பாக்கறீங்க, அல்லே?"

"ஆமா."

"நல்லது," என்றார்.

ஒரு வாரம் கழித்துச் சிக்கந்தர் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காராமல் தண்ணீர் குடித்தான், ஃபேனைப் போட்டான், அணைத்தான்.

"என்னலே விஷயம்?" என்றேன்.

"கொல்லத்துக்காரர் போன் பண்ணுனாரு. உங்கக்காட்ட ஒரு வார்த்தை கேக்கலாமான்னு கேக்காரு."

"என்ன வார்த்தை?"

அவன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "இந்த வயசுலயா? ஊரு சிரிக்கும்லே," என்றேன்.

"ஊரு உங்கிட்ட ஒருநாளாவது வந்து சாப்பிட்டியான்னு கேட்டுருக்காக்கா?" என்றான். என்னை விட இளையவன். என் எதிரில் குரலை உயர்த்தாதவன். அன்றைக்கு உயர்த்தினான்.

கோயம்புத்தூரில் குடித்தனம் செய்கிற என் மகள் நஸ்ரினிடம் நான்தான் சொன்னேன். ஜாபர் அவளுக்கு உயிர். அழுவாளோ என்று நினைத்தேன்.

"அம்மா, எனக்காக வேண்டாம்னு சொல்லாத. எனக்காகச் சரின்னும் சொல்லாத," என்றாள். "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. நான் ரெண்டுக்கும் இருக்கேன்."

எனக்கு என்ன தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை. ஆளைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கலாம். சிக்கந்தர் விசாரித்துவிட்டான். நல்ல மாதிரி, தொழுகையாளி, கடைத்தெருவில் மரியாதை உண்டு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் ஒரு ஊரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதை யாரிடம் விசாரிப்பது?

"மொதல்ல நான் ஊரைப் பாக்கணும்லே. ஆளை அப்புறம் பாப்போம்," என்றேன்.

தம்பியிடமும் சொல்லாத காரணம் ஒன்று உள்ளே இருந்தது. சத்தமில்லாத ஊராக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு நாள் முழுக்க எதையும் கேட்டுத் திடுக்கிடாமல் இருக்கவேண்டும். கடலும் காயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊரில் வெடிக்க என்ன இருக்கப்போகிறது?

மலைக்கு அந்தப் பக்கம்

தீபாவளி சீசன் முடிந்து, ஆர்டர் எல்லாம் தீர்ந்து, கம்பெனிகள் சோம்பிக் கிடந்த நேரம். முத்துமாரியையும் கூட்டிக்கொண்டேன். "நான் எதுக்குக்கா? சம்பந்தம் பேசப் போற எடத்துல," என்றாள். "நீ இல்லாம எனக்குப் பேச்சு வராது," என்றேன். உண்மையும் அதுதான்.

விடிந்தபோது ரயில் செங்கோட்டையைத் தாண்டியிருந்தது. ஒரு நீளமான குகைக்குள் போனோம். வெளியே வந்தால் வேறு உலகம். ஜன்னலில் அடித்த காற்று ஈரமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் பச்சை. பாறைகூடப் பச்சை. கருவேல முள்ளும் கரிசலும் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. ஒரு வளைவில் ரயில் திரும்பும்போது, கருங்கல்லில் கட்டிய பழைய பதின்மூன்று கண் பாலம் தெரிந்தது. அதன் மேல்தான் நாங்களே போகிறோம் என்று தெரிந்ததும் முத்துமாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புட்டுத் தண்ணியும் இங்கனயே இருந்துக்கிட்டா நமக்கு எப்படிக்கா வரும்?" என்றாள். மலையைப் பார்த்து நிஜமாகவே கோபப்பட்டாள்.

கொல்லம் ஸ்டேஷனில் யூசுப் ராவுத்தர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நீலச் சட்டை. கையில் மூன்று குடை.

"மழை வரும். வராமலும் இருக்கும்," என்று ஆளுக்கொன்றைக் கொடுத்தார். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

தன் அக்கா வீட்டில் எங்களைத் தங்கவைத்தார். அந்த அம்மாள் அரிசிமாவில் தட்டிச் சுட்ட பத்திரியும் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன்குழம்பும் வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் வீட்டுக்குள் தமிழ்தான். எங்கள் தமிழ் மாதிரி இல்லாமல், இழுத்து, கொஞ்சம் பாட்டுப் போல. வாசலைத் தாண்டினால் மலையாளம். "ரெண்டு நாக்கு வச்சிருக்கோம்," என்று சிரித்தார் அந்த அம்மாள்.

கலங்கரை விளக்கத்தின் மேலே

அன்று மாலை தங்கசேரிக்குப் போனோம். பழைய துறைமுகத்தின் ஓரம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உயரமான கலங்கரை விளக்கம். அதன் பக்கத்தில் ஒரு கோட்டையின் மிச்சம், செங்கல்லும் சுண்ணாம்புமாக, ஆலவேர் பிடித்து நிற்கிறது. போர்த்துக்கீசியர் கட்டியது, டச்சுக்காரர் பிடித்தது, அப்புறம் வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டது. அதன் நிழலில் ஒரு அம்மாள் வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள்.

முத்துமாரி உயரத்துக்குப் பயந்து கீழேயே உட்கார்ந்துவிட்டாள். சிக்கந்தர் எங்களோடு ஏறினான். பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கனயே நிக்கேன். நீங்க போயிட்டு வாங்க," என்றான். முந்தின நாள்வரை அவனுக்கு முழங்கால் வலி இருந்ததாக எனக்குத் தெரியாது.

மேலே காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. கீழே துறைமுகத்தில் நீல வண்ணம் அடித்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்பால் கடல், அதன் மேல் மங்கலாக ஒரு மழை.

"சீனா, அரபு, எல்லாரும் இங்ஙனதான் வந்தது," என்றார் அவர். "எல்லாருக்கும் மொளகு வேணும்."

"எங்கத்தா மல்லி அனுப்புனாரு," என்றேன்.

"அப்ப அவரையும் சேத்துக்கணும்," என்றார். சிரிக்காமல் சொன்னார்.

பிறகு கைப்பிடியில் சாய்ந்து, கீழே மரத்தடியில் கிடந்த ஒரு சிமெண்ட் பெஞ்சைக் காட்டினார்.

"சைனபாவுக்கு ஏற முடியாது. மூச்சு வாங்கும். அங்ஙன உக்காந்திருப்பா. நான் இங்கிருந்து கை காட்டணும். காட்டலைன்னா கோவிச்சுப்பா."

சைனபா அவர் மனைவி. அந்தப் பெயரை அவர் சொன்னபோது குரலைத் தாழ்த்தவில்லை, நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று என் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

ஜாபர் போனதிலிருந்து வெளியார் முன்னால் நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் எதிரே இருப்பவர்கள் முகம் சுருங்கிவிடும். உடனே பேச்சை மாற்றுவார்கள். அவர்களுக்குக் கஷ்டம் கொடுக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த உயரத்தில் என்னையறியாமல் சொன்னேன்.

"ஜாபருக்கு உயரம்னா பயம். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட ஏணியில ஏற மாட்டாரு. நாந்தான் ஏறுவேன்."

"கீழ நின்னு ஏணியப் பிடிப்பாரு, அல்லே?"

"ஆமா. பிடிச்சுக்கிட்டு, பாத்து, பாத்துன்னு கத்திக்கிட்டே இருப்பாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இறங்கிவரும்போது பாதிப் படியில் சிக்கந்தர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.

மறுபடி தோணியில்

மறுநாள் மதியம் எங்களுக்கு ரயில். அதற்குள் மன்றோ தீவைப் பார்த்துவிடலாம் என்று விடியற்காலையில் கிளம்பினோம். அப்படித்தான் நாங்கள் அந்தத் தோணியில் குனிந்தது.

மூன்றாவது பாலத்தைத் தாண்டியதும் வாய்க்கால் அகன்றது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நின்றன. ஒரு மீன்கொத்தி கம்பியில் இருந்து விழுந்ததுபோல் தண்ணீரில் விழுந்து எழுந்தது. ஊறுகிற தேங்காய் மட்டையின் புளித்த வாடை. தோணிக்காரர் மூங்கில் கழியை ஊன்றி எடுக்கும்போது சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. நான் கண்ணை மூடி அதைக் கேட்டேன். இதுதான் நான் தேடிவந்த ஊர் என்று நினைத்தேன்.

கரையோரத்து வீடுகளின் சுவரில் இடுப்பளவுக்குக் கறை படிந்திருந்தது. அது என்ன என்று கேட்டேன். தோணிக்காரர் சொன்னதை யூசுப் தமிழில் சொன்னார். கடல் ஏறும்போது காயல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதாம். வருஷா வருஷம் தீவு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறதாம். பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்களாம்.

"இவரு ஏன் போகலையாம்?" என்று முத்துமாரி கேட்டாள்.

அவர் கழியை ஊன்றியபடியே பதில் சொன்னார். யூசுப் திருப்பிச் சொன்னார். "தண்ணி வந்தா கட்டில் மேல ஏறி உக்காந்துப்பாங்களாம். எறங்கினதும் கழுவி விட்டுச் சமைப்பாங்களாம்."

முத்துமாரி அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அவுகளுக்குத் தண்ணி. நமக்குத் தீ," என்றாள். "எங்க போனாலும் ஒண்ணு கெடக்கத்தான் செய்யுது, என்னக்கா?"

அப்படி இருக்கக்கூடாது என்று பிடிவாதமாக நினைத்துக்கொண்டேன்.

அடிவானம் தெரியாத ஊர்

கரை ஏறி ஒரு பெட்டிக்கடையில் டீ சொன்னோம். கண்ணாடி டம்ளர். சூடு விரலைச் சுட்டது. முதல் வாய் குடித்திருப்பேன்.

எங்கோ மரங்களுக்குப் பின்னால் வெடித்தது.

டம்ளரை வைத்தது எனக்கு நினைவில்லை. நான் கடைக்கு வெளியே வந்து நின்றேன். எனக்குப் பக்கத்தில் முத்துமாரி நின்றாள். அவள் கையில் ஏற்கெனவே போன் இருந்தது. பின்னால் சிக்கந்தரும் எழுந்துவிட்டான். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தோம்.

வானமே தெரியவில்லை. எங்கள் ஊரில் எந்த மூலையில் புகை எழுந்தாலும் கண்ணில் படும். வெட்டவெளி. இங்கே நாலு பக்கமும் தென்னை ஓலை மூடிக்கிடந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எதுவும் தெரியவில்லை. யாரைக் கூப்பிடுவது? இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள், எதுவும் தெரியாது. அது இன்னும் பயமாக இருந்தது.

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே இருந்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

யூசுப் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என்னைத் தொடவில்லை. எனக்கு ஒரு அடி தள்ளி, நான் பார்த்த திசையிலேயே அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோயில் வெடி," என்றார் மெதுவாக. "யாரோ நேந்துக்கிட்டு ஒண்ணு போடறாங்க. காசு கட்டிட்டா போடுவாங்க. ஆபத்து இல்ல. இன்னும் ஒண்ணு ரெண்டு வரும்."

தலையாட்டினேன். புரிந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

அவர் கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "யாருக்காவது போன் போடணுமா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் எல்லாரும் சொன்னது, பயப்படாதே, ஒன்றுமில்லை, உட்கார், தண்ணீர் குடி. யாரும் இதைக் கேட்டதில்லை.

நஸ்ரினைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு கேட்டேன்."

"இருக்கேன்மா," என்றாள். காரணம் கேட்கவில்லை. அவளும் எங்கள் ஊர்ப் பிள்ளைதான்.

முத்துமாரியும் தன் மகளிடம் பேசிவிட்டுப் போனை இடுப்பில் செருகினாள். இரண்டாவது வெடி வந்தது. நான் அதிர்ந்தேன். அவர் அங்கேயே நின்றார். டீ ஆறிப்போனதால் கடைக்காரரிடம் சொல்லி வேறு டீ வாங்கித் தந்தார். நான் அதைக் குடித்து முடித்தேன். அப்புறம்தான் சொன்னார்.

"இங்க இது கேக்கும். திருவிழா மாசத்துல நெறையவே கேக்கும். நேத்தே சொல்லிருக்கணும். எனக்குத் தோணல." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "இதுக்காக வேண்டாம்னு சொன்னீங்கன்னா அது சரிதான். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நான் பார்க்க வந்த ஊர் அங்கேயே முடிந்துபோனது. சத்தமில்லாத ஊர் என்று ஒன்றை நானே கட்டிவைத்திருந்தேன். அது கொல்லத்தில் இல்லை. அதற்காக எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று கூடவே வானத்தைப் பார்த்த மனிதரைத்தான் அப்போது முதல்முறையாக நேராகப் பார்த்தேன். கண்ணாடி இல்லாத முகம். இரண்டு பக்கமும் மூக்கில் பதிந்த சிவப்புத் தடம். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது, என் பதிலை நினைத்து.

மீதிப் பேச்சு

ஸ்டேஷனில் அவர் எதுவும் கேட்கவில்லை. அவர் அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக முத்துமாரியிடம் கொடுத்தார். "போய்ச் சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க," என்று சிக்கந்தரிடம் சொன்னார். ரயில் நகர்ந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

புனலூர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் சிக்கந்தர் தலையில் துண்டைப் போட்டுத் தூங்கினான். மலை ஏறத் தொடங்கியதும் போனை எடுத்தேன்.

"வண்டி எங்க வந்திருக்கு?" என்றார்.

"புனலூர் தாண்டிருச்சு. நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கடையை நான் விட மாட்டேன். அது ஜாபரும் நானும் சேந்து உண்டாக்குனது. முத்துமாரி பொழப்பும் அதுலதான் இருக்கு. சீசன் நேரத்துல என்னால அங்க வந்து இருக்க முடியாது. ஆனா..."

ரயில் குகைக்குள் நுழைந்தது. இருட்டு. சக்கரத்தின் சத்தம் காதை அடைத்தது. வெளியே வந்து பார்த்தால் போன் செத்திருந்தது. டவர் இல்லை.

முத்துமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா இது, மாட்டேங்கிற பாதி மட்டும் போயிருக்கு," என்றாள்.

மறுபடி அடித்துப் பார்த்தேன். போகவில்லை. அடுத்த குகை. அதற்கடுத்து ஒரு ஓடை, காடு, மறுபடி குகை. வரும்போது அவ்வளவு அழகாக இருந்த மலை, இப்போது எப்போது முடியும் என்றிருந்தது. அவர் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? வலைக்கடையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கயிறு அளந்து கொடுத்துக்கொண்டு, இதையே மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருப்பாரோ? போனைக் கையில் பிடித்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

துண்டுக்குள் இருந்து குரல் வந்தது. "ஆரியங்காவுல டவர் கெடைக்கும்க்கா."

"நீ தூங்கலையாலே?"

"தூங்கிட்டுத்தான் இருக்கேன்," என்றான் சிக்கந்தர்.

ஆரியங்காவில் ரயில் நின்றது. நான் எண்ணை அழுத்துமுன் போன் அடித்தது. அவர்தான். பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு வண்டியின் வருகையை மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க இன்னும் ஸ்டேஷன்லயா இருக்கீக?" என்றேன்.

"ஆமா. வண்டி போனதும் இந்தப் பெஞ்சில உக்காந்தேன். எந்திரிக்கத் தோணல."

"கடை?"

"தொறக்கல."

அவரே பேசினார். "கடையை விட மாட்டேன்னு சொன்னீங்க. அதுவரைக்கும் கேட்டுது. விட வேணாம். அதை நான் எப்பவும் கேட்டிருக்கவும் மாட்டேன். சீசன்ல நான் அங்க வரலாம். கட்டுப் போடத் தெரியும் எனக்கு. வலை மடிச்சுப் பழக்கம்." நிறுத்தினார். "ஆனான்னு ஒண்ணு சொன்னீங்க. அதுக்கப்புறம் கேக்கல."

வண்டி ஊதியது. மெல்ல அசைந்தது. நீளமான குகை ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. முத்துமாரி என் முழங்கையை இடித்தாள்.

"ஆனா எனக்குச் சம்மதம்," என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கேட்டுச்சா? சம்மதம்னு சொன்னேன். மொதல்ல அங்கன இருந்து எந்திரிச்சுப் போய் ஒரு வாய் சாப்பிடுங்க."

அந்தப் பக்கம் அமைதி. போய்விட்டதோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்தினேன். ஒலிபெருக்கி கேட்டது. யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"எந்திரிச்சாச்சு," என்றார்.